முதல் பத்து வளைவுகள்

பொலென்சா துறைமுகம், மாயோர்க்கா
ஏப்ரல், சனிக்கிழமை இரவு

அன்புள்ள தம்பிக்கு,

கொல்லிமலையில் முதல் பத்து வளைவுகளை ஒரே மூச்சில் ஏறிவிடுகிறாய், இருபதுக்குள் தொடை இறுகிவிடுகிறது, நாற்பதாவது வளைவில் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறாய் என்று எழுதியிருந்தாய். இப்படி இருந்தால் 600 கிலோமீட்டர் பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டத்தை 40 மணி நேரத்தில் எப்படி முடிப்பது என்றும் கேட்டிருந்தாய். வீட்டிலிருந்து பதில் எழுதியிருந்தால் நாலு வரியோடு நிறுத்தியிருப்பேன். இந்த மலைகளில் ஒரு வாரம் ஓட்டிய பிறகு நாலு வரி போதவில்லை. நாளை ஊர் திரும்புகிறேன். கால் வலி நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

நான் வந்திருப்பது ஸ்பெயினுக்குச் சொந்தமான மாயோர்க்கா தீவு. வடமேற்குக் கரையை ஒட்டி, தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சுமார் 90 கிலோமீட்டர் நீளத்துக்கு த்ரமுந்தானா மலைத்தொடர் ஓடுகிறது. பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. உயர்ந்த சிகரமான புச் மாஜோர் 1,400 மீட்டரைத் தாண்டும். அதன் உச்சியில் ராணுவ ரேடார் இருப்பதால் பொதுமக்கள் அங்கே ஏற முடியாது. உயரத்தைக் கேட்டு இது நம் கொல்லிமலை அளவுதானே என்று நினைப்பாய். உண்மைதான். ஆனால் இங்கே பல ஏற்றங்கள் ஏறக்குறைய கடல் மட்டத்திலிருந்தே தொடங்குகின்றன. ஏறி, இறங்கி, கடலைத் தொட்டு, மறுபடியும் ஏற வேண்டும். ஐரோப்பாவின் வடக்கே குளிர் விடாத ஜனவரி கடைசியிலேயே தொழில்முறை அணிகள் இங்கே வந்து சேர்ந்துவிடுகின்றன. அவர்களுக்கு ஆண்டின் முதல் பந்தயங்களில் சில இந்தச் சாலைகளில்தான் நடக்கின்றன. பிப்ரவரியில் வாதுமை பூத்து முடியும். மார்ச், ஏப்ரலில் என்னைப் போன்ற சாதாரண ஆட்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள்.

எங்கள் குழுவை நடத்தியவள் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த பெண். முதல் நாள் காலை, ஃபெமெனியா கணவாய்க்கு ஏறுமுன் ஒரே ஒரு விதி சொன்னாள். ஏற்றத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வாக்கியம் பாதியில் உடைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கையில் வாட் காட்டும் கருவி இருக்கிறதா, இதயத் துடிப்புப் பட்டை கட்டியிருக்கிறாயா என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம். ஃபெமெனியா ஏழரைக் கிலோமீட்டர் ஏற்றம். 500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே முடிகிறது. கீழே எங்களைத் தாண்டிப் போன பல இளைஞர்களை மேல்பாதியில் ஒவ்வொருவராகக் கடந்தோம். அவர்களுடைய முகத்தில் நீ எழுதிய நாற்பதாவது வளைவைப் பார்த்தேன், தம்பி.

இதன் காரணம் உனக்குத் தெரிந்தால்தான் நீ கட்டுப்படுவாய். நீயும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்று வை. நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்புக்கு மட்டும் 130 வாட் அளவுக்குச் செலவாகும். டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் 140, 145. மணிக்கு 12 கிலோமீட்டர் போக ஆசைப்பட்டால் அது 190-ஐத் தொடும். ஒரு மணி நேரம் உன்னால் தாங்க முடிந்த உச்சம் 180 வாட் என்றால், 145-இல் ஏறும்போது உடம்பு கொழுப்பையும் சர்க்கரையையும் கலந்து எரித்துக்கொண்டு, கழிவை உடனுக்குடன் அகற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். 190-இல் ஏறினால் ஒவ்வொரு நிமிடமும் கடன்தான். முதல் பத்து வளைவில் வாங்கிய கடனை மலை இருபதாவது வளைவில் திருப்பிக் கேட்கிறது. ஆக, உனக்குக் கால் பலம் குறைவில்லை. அதைச் செலவழிக்கும் வரிசைதான் தப்பு.

சமவெளியில் இந்தக் கணக்கை மறைத்துக்கொள்ளலாம். முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றை அவர் வாங்கிக்கொள்வார். இந்தத் தீவின் ஃபெலானிட்ச் ஊர்க்காரர் குய்யெம் திமோனெர், வட்ட ஓடுதளத்தில் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒட்டி ஓட்டும் பந்தயத்தில் 1955 முதல் 1965 வரை ஆறு முறை உலக வாகையர் ஆனவர். அந்தப் பந்தயமே காற்றில்லாத அந்தச் சின்ன இடத்துக்குள் ஒட்டியிருப்பதுதான். ஏற்றத்தில் வேகம் ஒன்பது, பத்து என்று விழுந்துவிட்டால் காற்றுக்கு வேலை இல்லை. பின்னால் ஒளிந்துகொள்ளவும் இடம் இல்லை. எதிரே இருப்பது உன் எடையும் உன் மூச்சும் மட்டும். அதனால்தான் இங்கே குழுவாகப் புறப்பட்டாலும் ஏற்றம் தொடங்கியதும் ஒவ்வொருவரும் தன் தன் வேகத்துக்குப் பிரிந்துவிடுகிறோம். கணவாயின் உச்சியில் கடைசி ஆள் வந்து சேரும்வரை எல்லோரும் காத்திருப்போம். காத்திருக்கும்போது யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. இந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சா கலோப்ராவைப் பற்றி நீ ஏற்கெனவே படித்திருப்பாய். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மலையேற்றத்தைப் புரியவைத்தது அந்தச் சாலைதான்.

சா கலோப்ரா கடலோரத்தில் ஒரு குட்டிக் கிராமம். போக ஒரே சாலை. அதுவும் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆகவே முதலில் கோல் டெல்ஸ் ரெய்ஸ் கணவாயைத் தாண்டிக் கடல்வரை இறங்க வேண்டும். பிறகு இறங்கியதையெல்லாம் ஏற வேண்டும். படகு கிடைத்தால் ஒழிய வேறு வழி கிடையாது. கடலிலிருந்து உச்சிக்கு ஒன்பதரைக் கிலோமீட்டர் தூரம், 680 மீட்டர் உயரம். நேர்க்கோட்டில் அளந்தால் தூரம் இதில் பாதிகூட வராது. மேலே நின்று பார்த்தபோது, யாரோ பிரித்துப் போட்டுவிட்டு அப்படியே மறந்துபோன நூல்கண்டு மாதிரி சாலை பாறைகளுக்கு நடுவே கிடந்தது.

1932-இல் அந்தச் சாலையை அமைத்த பொறியாளர் அந்தோனியோ பரியெத்தி. அதற்கு முன் அந்தக் கிராமத்துக்குக் கடல் வழியாகவோ மலைப் பாதையில் நடந்தோதான் போக முடியும். சுரங்கம் எதுவும் குடையாமல், மலையின் உடம்பு எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து போகிற ஒரு சாலையை அவர் திட்டமிட்டார். பெரும்பாலும் ஆட்களின் கைகளாலேயே பாறையை வெட்டினார்கள். வெட்டிய கல்லையே சாலையைத் தாங்கும் கரையாகக் கட்டினார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே இறங்கியதும் ஒரு இடம் வருகிறது. அங்கே சரிவு கடுமை. வேறு யாராவது என்றால் சாலையைச் செங்குத்தாக இறக்கியிருப்பார்கள். பரியெத்தி சாலையை முக்கால் வட்டத்துக்கும் மேல் சுழற்றி, அது தன்னையே பாலத்துக்கு அடியில் கடந்து போகும்படி செய்தார். கழுத்துப்பட்டை கட்டும்போது அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். ஊர்க்காரர்கள் அந்த இடத்துக்குக் கழுத்துப்பட்டை முடிச்சு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏறும்போது அந்த மனிதரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். தூரத்தைக் கூட்டிச் சரிவைக் குறைத்தார். ஏறுகிறவனின் இயந்திரமோ காலோ எவ்வளவு தாங்கும் என்பதை முதலில் கேட்டுக்கொண்டு, அதற்கு ஏற்றபடி மலையைப் பிரித்துக் கொடுத்தார். கிட்டத்தட்ட தொடக்கம் முதல் கடைசி வரை ஏழு சதவீதத்தை ஒட்டியே சாலை ஏறுகிறது. ஒரு வளைவில் பிழிந்துவிட்டு அடுத்ததில் மன்னிக்கிற மலை இல்லை அது. சாலையே இத்தனை சீராக இருக்கும்போது நாமும் சீராக இருந்துவிட்டால் போதும். கடலோரத்தில் எத்தனை வாட்டில் தொடங்கினேனோ, முடிச்சைக் கடந்து உச்சியைத் தொட்டபோதும் ஏறக்குறைய அதே வாட்தான். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. முன்னணித் தொழில்முறை வீரர்கள் 25 நிமிடத்துக்குள் ஏறிவிடுவார்கள். அந்த எண் என்னை வருத்தவில்லை. உச்சியில் நின்றபோது இன்னும் ஒருமுறை ஏறலாம் என்று கால் சொன்னது. அந்த உணர்வு உனக்கும் வரவேண்டும் என்றுதான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

கியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன் சைக்கிளில் முன்னால் சின்னது 39 பல், பின்னால் பெரியது 25 பல் என்று எழுதியிருந்தாய். அதை வைத்து மணிக்கு 9 கிலோமீட்டரில் ஏறினால் நிமிடத்துக்கு 46 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியும் முட்டியைப் பிடித்து இழுக்கும். முன்னால் 34, பின்னால் 32 போட்டால் அதே வேகத்தில் 67 சுற்று கிடைக்கும். சுமை தசையிலிருந்து இறங்கி மூச்சுக்கும் இதயத்துக்கும் போகும். தசை களைத்தால் இரண்டு நாள் ஆனாலும் தேறாது. மூச்சு இரண்டு நிமிடத்தில் தேறிவிடும். சின்ன கியர் போடுவது வீரம் குறைந்த செயல் என்று உன் நண்பர்கள் யாராவது சொன்னால் காதில் வாங்காதே. இங்கே என்னோடு ஓட்டிய, பந்தயங்களில் ஜெயித்த ஆட்கள்கூட 32-ஐப் போட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.

வாரத்தின் நடுவில் ஓய்வு கொடுத்தார்கள். பயிற்சியில் பலம் ஏறுவது ஓட்டும்போது அல்ல, ஓட்டிய பின் தூங்கும்போதும் சாப்பிடும்போதும்தான். தசையில் ஏற்பட்ட சின்னச் சின்னச் சிதைவுகளை உடம்பு முன்னைவிட உறுதியாகக் கட்டிக்கொள்ளும் நேரம் அது. அந்த நேரத்தைக் கொடுக்காமல் தினமும் மலைக்குப் போனால் சிதைவு மட்டும்தான் மிஞ்சும்.

அந்த ஓய்வு நாளில் சோயர் என்ற ஊருக்குப் போனேன். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. எங்கே பார்த்தாலும் ஆரஞ்சுத் தோப்பு. 1912-இல் பால்மாவிலிருந்து அங்கே போட்ட ரயில் இன்றும் மரப் பெட்டிகளோடு ஓடுகிறது. 1997-இல் மலையைக் குடைந்து கார்களுக்குச் சுரங்கப் பாதை திறந்தார்கள். அதற்குள் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அதன் பலன் என்ன தெரியுமா? ஐம்பதுக்கு மேல் வளைவுகள் கொண்ட பழைய மலைச் சாலை முழுவதும் சைக்கிள்காரர்களுக்கே கிடைத்துவிட்டது. அரை மணி நேரத்துக்கு ஒரு கார் வந்தால் அதிகம்.

மலைச் சரிவெல்லாம் சுண்ணாம்போ மண்ணோ வைக்காமல், வெறும் கல்லை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் கட்டிய படிக்கட்டு வயல்கள். முஸ்லிம் ஆட்சிக் காலத்து நீர்ப்பாசனமும், பிறகு வந்த கிறித்துவ உழவர்களின் உழைப்பும் சேர்ந்த நிலம் இது. 2011-இல் யுனெஸ்கோ இந்த மலைத்தொடரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் இயற்கை அழகுக்காக மட்டும் இல்லை. மனிதர் மலையோடு சேர்ந்து உண்டாக்கிய நிலக்காட்சி என்ற வகையில்தான். அந்தச் சுவர்களில் மண்ணும் நிற்கும், மழைநீரும் கல்லிடுக்கு வழியாக வடிந்துவிடும். ஆலிவ் மரங்களின் அடிமரம் முறுக்கிப் பிழிந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலத்தில் நிற்கிறது. நான் ஒரு மரத்தடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதே. கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, குடைமிளகாய் மூன்றையும் எண்ணெயில் பொரித்து அடுக்கி, மேலே தக்காளிக் குழம்பு ஊற்றித் தரும் தும்பெத் என்ற பண்டம் நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகிறது. ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்டுக் கொடுப்பார்கள், அதுவும் நல்லது. சுருள் சுருளாக, மாவுச் சர்க்கரை தூவிய என்சைமாதா என்ற ரொட்டி எல்லாக் கடையிலும் ஆசை காட்டும். அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், நீ தொடாதே. ஓட்டும்போது மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் கிடைக்கும். நம் ஊரில் வாழைப்பழம், கடலைமிட்டாய், பேரீச்சம்பழம் மூன்றும் போதும். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் தாமதம். முதல் அரை மணியிலேயே தொடங்கிவிடு.

இறக்கத்தைப் பற்றி நீ கேட்கவே இல்லை. கேட்காதவர்களுக்குத்தான் அது ஆபத்து. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிடு. வளைவுக்குள் பிரேக்கை இறுக்காதே. வெளிப்பக்க பெடல் கீழே இருக்கட்டும், எடை அதன்மேல் இருக்கட்டும். பார்வை சக்கரத்துக்கு முன்னால் இல்லாமல் வளைவு எங்கே முடிகிறதோ அங்கே இருக்க வேண்டும். நீ எங்கே பார்க்கிறாயோ சைக்கிள் அங்கேதான் போகும். இங்கே பாறையிலிருந்து காட்டாடுகள் திடீரென்று சாலையில் குதிக்கும், உனக்குக் குரங்குகள். ஏறும்போது நனைந்த சட்டை இறங்கும்போது ஐஸாகிவிடும். காற்றைத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை ஒன்றை முதுகுப் பையில் மடித்து வைத்துக்கொள், கொல்லிமலையானாலும் சரி.

இந்த நாட்டில் சைக்கிள்காரரைக் கடந்து போகும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டே ஆகவேண்டும், சட்டம் அப்படி. நாங்கள் இருவர் இருவராகப் போகலாம். ரவுண்டானாவில் முதல் சைக்கிள் நுழைந்துவிட்டால் முழுக் குழுவையும் ஒரே வண்டியாகக் கணக்கிட்டு எல்லோரும் கடக்கும்வரை மற்றவர்கள் நிற்கிறார்கள். மலைச் சாலையில் ஒரு பேருந்து எங்களுக்குப் பின்னால், ஹாரன் அடிக்காமல், இடம் கிடைக்கும்வரை பொறுமையாக உருண்டுகொண்டு வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ தேசிய நெடுஞ்சாலையில் ராத்திரி ஓட்டும்போது லாரிகள் உன்னை உரசிக்கொண்டு போவதை நினைத்து நான் தூங்காத இரவுகள் உண்டு. ஒளிரும் சட்டையையும் பின்விளக்கையும் ஒருநாளும் மறக்காதே. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்மாவைப் பற்றியும் நிறைய நினைத்தேன். ஷீலா ராணி சுங்கத் புதுக்கோட்டை கலெக்டராக இருந்த காலம், அறிவொளி எழுத்தறிவு இயக்கம் ஊர் ஊராகப் போன காலம் உனக்கு நினைவிருக்காது, நீ கைக்குழந்தை. எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் வாடகைக்கு எடுத்த ஆண்கள் சைக்கிளில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பழகினார்கள். அம்மாவும் பழகினாள். பெண் பிள்ளைக்கு எதற்குச் சைக்கிள் என்று தெருவில் பேசியவர்களுக்கு அவள் பதிலே சொல்லவில்லை. அடுத்த வாரம் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாள். இங்கே புச் மாஜோர் சிகரத்தை ஒட்டிப் போகும் சாலையின் ஏற்றத்தில், பதினாலு கிலோமீட்டரும் ஏறி மேலே சுரங்கத்தைத் தாண்டி கூபெர் நீர்த்தேக்கத்தின் பக்கம் நின்றபோது, நான் இங்கே வந்து நிற்க வழி போட்டது அவள்தான் என்று தோன்றியது. அவளிடம் போனில் சொன்னேன். தண்ணீர் குடித்தாயா என்று கேட்டாள்.

அடுத்த ஆண்டு மார்ச் கடைசியில் நீயும் வா. டிக்கெட் என் பொறுப்பு. ஷெங்கன் விசாவுக்கு டிசம்பரிலேயே விண்ணப்பித்துவிடு. சைக்கிளை இங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்; உன் பெடலும் காலணியும் மட்டும் கொண்டு வா. அதுவரை வாரத்தில் ஒரு நாள் மட்டும் மலை. மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓட்டும் வேகத்தில் நீளமான தூரம், ஒரு நாள் முழு ஓய்வு. பின்சக்கரக் கியர் கேசட்டை இந்த மாதமே மாற்று, காசு அனுப்புகிறேன்.

வரும் ஞாயிறு கொல்லிமலைக்குப் போகும்போது உன் நண்பனையும் கூட்டிக்கொண்டு போ. காரவள்ளியிலிருந்து முதல் இருபது வளைவுக்கு அவனோடு பேசிக்கொண்டே ஏறு. உன்னைத் தாண்டிப் போகிறவர்களைப் போகவிடு. எவ்வளவு நேரத்தில் ஏறினாய் என்று எனக்கு எழுத வேண்டாம். எந்த வளைவில் பேச்சு நின்றது என்று மட்டும் எழுது. அதை வைத்து அடுத்த மாதத்துக்கு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா